திருடனுக்குப் பயந்து சுவர் கட்டிய மூலிகைத் தோட்டம்

1/ பதுவை அந்தோணியார்னா நம்ம ஊர்ல தெரியாதவங்க இல்ல. அந்தப் பதுவை இத்தாலியில் இருக்கு. அவர் பேராலயத்துக்குப் பக்கத்துலயே பதுவா பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம். உருவான இடத்திலேயே இன்றுவரை இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் உலகிலேயே பழையது. இதை ஆரம்பிச்சது யாருக்காக தெரியுமா? மருத்துவ மாணவர்களுக்காக!

2/ அப்போ மருந்துன்னாலே வேர், பட்டை, இலை, விதைதான். பாடம் நடந்தது கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் கிட்டத்தட்ட 1500 வருஷம் முன்னாடி எழுதின நூலை வச்சு. புத்தகத்துல பேர் இருக்கும். ஆனா செடியை நேர்ல பார்த்தவங்க குறைவு. காய்ஞ்ச வேரை ஒருத்தர் கையில கொடுத்தா, அது மருந்தா விஷமான்னு எப்படிச் சொல்வீங்க?

3/ கடைச்சரக்குல கலப்படமும் உண்டு, ஆள்மாறாட்டமும் உண்டு. விலை போனது நோயாளியின் உயிர். அதனால அங்கே மூலிகைப் பேராசிரியரா இருந்த பிரான்செஸ்கோ பொனாஃபெதே, உயிருள்ள செடியைக் காட்டித்தான் பாடம் நடத்தணும்னு வற்புறுத்தினார். 1545ல் வெனிஸ் அரசு தோட்டத்துக்கு ஆணை போட்டது.

4/ இன்னொரு விஷயம். அதே பல்கலைக்கழகத்தில்தான் வெசாலியஸ் மனித உடலைத் தானே அறுத்துக் காட்டிப் பாடம் எடுத்தார். அவருடைய உடற்கூறியல் நூல் வந்தது 1543. புத்தகத்தை நம்பாதே, கண்ணால பாரு என்பதுதான் அந்த ஊரின் பாடம். உடலுக்கு ஒரு மேசை, மருந்துக்கு ஒரு தோட்டம்.

5/ செடிகளுக்கு மதிப்பு ஏற ஏற, ராத்திரியில திருட்டும் ஆரம்பிச்சது. அபராதம், சிறை, நாடு கடத்தல்னு தண்டனை அறிவிச்சாங்க. 1552ல் வட்டமா ஒரு மதில் சுவரே எழுப்பினாங்க. இன்னைக்கும் நிக்குது.

6/ நீங்க போனா, எண்கோண வடிவத்துல ஒரு கண்ணாடி வீடு இருக்கும். உள்ளே 1585ல் நட்ட ஒரு விசிறிப் பனை! 1786ல் ஜெர்மன் கவிஞர் கேத்தே இதைப் பார்த்தார். அடியில ஈட்டி மாதிரி இருக்கும் இலை, மேலே போகப் போக விசிறியா மாறுது. செடியின் உறுப்பெல்லாம் ஒரே அடிப்படையிலிருந்து உருமாறுபவைன்னு 1790ல் நூலே எழுதினார். இன்னும் அது 'கேத்தே பனை'தான்.

7/ 1997ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 2014ல் புதுக் கண்ணாடிக் கூடங்கள் திறந்தாங்க: மழைக்காடு முதல் பாலைவனம் வரை. விஷச் செடிகளுக்குன்னே தனிப் பகுதியும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம்.

8/ ஏன்னா, பொனாஃபெதேவின் கவலை இன்னும் தீரல. நம்ம மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கும்பாங்க. அதுல இருக்கிற கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினா எமன். வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு வேகவச்சுச் சாப்பிட்டவங்க உண்டு. சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு. ரெண்டு மூணு நாள்ல எலும்பு மஜ்ஜையே படுத்துடும். பிழைச்சவங்களுக்கும் முடி கொட்டும்.

9/ மஞ்சள் அரளி விதை இதயத்துடிப்பைக் குலைக்கும். ஒடுவந்தழை ரத்தத்துல பொட்டாசியத்தைக் குறைச்சு, அமிலத்தை ஏத்தும். மூணுமே வாந்தியோடுதான் ஆரம்பிக்கலாம். ஆனா பார்க்க வேண்டிய டெஸ்டும் வைத்தியமும் வேற வேற. என்ன செடின்னு தெரிஞ்சா எங்களுக்கு நேரம் மிச்சம்.

10/ அதனால ஒண்ணே ஒண்ணு. யாராவது தெரியாத இலை, விதை, கிழங்கு சாப்பிட்டுட்டா, புளிக்கரைசல், உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. மிச்சமிருக்கிற செடியை, இலையோட பூவோட, ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. "ஏதோ பச்சிலை டாக்டர்"னு சொல்றதை விட, அந்தப் பை ஆயிரம் மடங்கு உதவும்.