யார் கையால் வரும் ஊசி

ஒன்பது மாதம் நிறைந்த பிள்ளைக்கு எம்.எம்.ஆர். ஊசி போட வேண்டும் என்பது பளைப் பக்கத்துத் தாய்மாருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லாத சங்கதி. கிளினிக் நாள் வந்தால் புலோப்பளையிலிருந்தும் தம்பகாமத்திலிருந்தும் மாசாரிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதே தாயிடம் இன்புளுவன்சாவுக்கும் ஆண்டுக்கொரு ஊசி இருக்கிறது என்று சொன்னால், 'தடிமன் காய்ச்சலுக்கும் ஊசியோ?' என்ற கேள்விதான் முதலில் வரும். மறுப்பு அதில் இல்லை, வியப்புத்தான் இருக்கிறது. இந்த இரண்டு மனநிலைக்கும் நடுவில் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று கிடக்கிறது.

பளை நிலத்தால் ஆனையிறவுக்கு வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தில் இருக்கிறது. நிருவாகத்தால் கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவு. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடுதான் இருந்தது. ஆகவே ஊரின் நோய், மருந்து, நேர்த்தி எல்லாவற்றிலும் குடாநாட்டு வழக்கமும் வன்னி வழக்கமும் கலந்து கிடக்கும்.

பிள்ளையின் மேலில் கொப்புளம் கண்டால் 'அம்மாள் வந்திருக்கிறா' என்பார்கள். படலையில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அன்றிலிருந்து அந்த வீட்டில் தாளிதமும் பொரியலும் இல்லை. வெளியார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டாரும் நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். தென்னந்தோட்டங்கள் நிறைந்த ஊர், இளநீருக்குக் குறைவில்லை. நோய் இறங்கியபின் நாள் பார்த்து, வேப்பிலை போட்ட தண்ணீர் வார்ப்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்திருந்தால் வைகாசியில் போய்த் தீர்ப்பார்கள். அந்தக் கோயில் கதையில் அம்மன் ஒரு கிழவியாக மாட்டிடைச் சிறுவர்களிடம் வந்து, கடல்நீரில் விளக்கேற்றச் சொல்லி, தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். சிறுவர்கள் கூந்தலை விலக்கிப் பார்த்தால் தலையெங்கும் கண்கள். அம்மை நோயைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அச்சமும் பயபக்தியும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் யாரும் போகாததே நோய் பரவாமல் தடுத்த பெரிய காவல். பெற்றோரிடம் ஏற்கெனவே ஒரு முழு ஒழுங்கு இருந்தது. யார் பார்ப்பது, என்ன கொடுப்பது, எப்போது குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அதில் விடை உண்டு. வெள்ளைக்கார அரசாங்கத்தின் கத்திமுனை இந்த ஒழுங்குக்குள்தான் நுழைய வேண்டியிருந்தது.

ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில், 1800 வாக்கில், கொழும்பு, காலி, திருகோணமலை ஆகியவற்றோடு யாழ்ப்பாணத்திலும் பெரியம்மை வைத்தியசாலைகள் திறக்கப்பட்டன. எட்வர்ட் ஜென்னர் 1796இல் இங்கிலாந்தில் சோதித்துக் காட்டிய பசு அம்மைப்பால், 1802இல் இந்தியா வழியாக இலங்கை வந்து சேர்ந்தது. அந்த நாள் மருத்துவத் தலைவர் தோமஸ் கிறிஸ்டி, பெரியம்மை இந்தத் தீவில் செய்த அழிவைப் பற்றியும் அம்மைப்பால் வந்தபின் நேர்ந்த மாற்றத்தைப் பற்றியும் 1811இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அந்த அம்மைப்பால் எப்படி ஊர் ஊராகப் போனது என்பதை அறிந்தால்தான் பெற்றோரின் தயக்கம் விளங்கும். குளிர்பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கையில் கீறி மருந்தை ஏற்றுவார்கள். எட்டாம் நாளளவில் அந்த இடத்தில் கொப்புளம் திரண்டு நீர் கோத்திருக்கும். அதைக் குத்தி அந்த நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் கீறி ஏற்றுவார்கள். மருந்தை உயிரோடு வைத்திருந்த சாடி பிள்ளைகளின் கைகள்தான். தன் பிள்ளையின் புண்ணை ஊராருக்காக மறுபடி குத்தவிட எந்தத் தாய் மனமுவந்து சம்மதிப்பாள்? யாருடைய பிள்ளையின் கையிலிருந்து தன் பிள்ளைக்கு வருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சாதி பார்த்துத் தண்ணீர் குடித்த சமூகத்தில் புண்ணின் நீரைப் பங்கிடச் சொன்னார்கள். இத்தனைக்கும் மேலே அம்மாளின் கோபம் வேறு.

பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையிலும் இதே தயக்கம் இருந்தது. அங்கே ஒருவர் வேறு வழி பார்த்தார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துக்காட்டிய எல்லிஸ், அம்மைப்பாலைப் பற்றித் தமிழில் ஒரு புராணக் கதை போலவே எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அமைந்த அந்த ஆக்கத்தில், பசு தரும் புனிதப் பொருள்களின் வரிசையில் அம்மைப்பாலும் இடம்பெறுகிறது. மக்களை ஏமாற்றி இணங்க வைக்கும் முயற்சி என்று அதைப் பிற்கால ஆய்வாளர் குறை சொன்னதுண்டு. குறை உண்மைதான். ஆனாலும் தாய்மாரின் அச்சம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லிஸ் கண்டுகொண்டிருந்தார். அதிகாரிகள் பலருக்கு அது கடைசிவரை எட்டவில்லை.

அவர்கள் சட்டத்தை நம்பினார்கள். 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க அம்மைப்பால் கட்டளைச் சட்டம், பிள்ளைக்கு அம்மைப்பால் கட்டுவிப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. அரசாங்க உத்தரவு எதுவும் ஊருக்குள் விதானையார் வழியாகவே வந்த காலம் அது. காணி, வரி, வழக்கு என்று எதற்கெல்லாம் அந்த வாசலைக் கண்டு மக்கள் பயந்தார்களோ அந்த வாசலாலேயே மருந்தும் வந்தது.

இதற்கு முன்பே குடாநாட்டில் இன்னொரு வழி திறந்திருந்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் படித்தவர்கள் தம் ஊர்களில் வைத்தியம் பார்த்தார்கள். நோயாளிக்கு முன்னால் நின்றவர் நோயாளியின் பேச்சையே பேசுபவராக இருந்தார். மேலை மருந்து மீதான அச்சத்தைச் சட்டத்தைவிட இது அதிகம் கரைத்திருக்கும் என்றே நம்பத் தோன்றுகிறது.

1902இல் ரயில் பாதை பளை வரை வந்தது. 1905இல் கொழும்போடு இணைந்தது. தேங்காயும் கொப்பறாவும் போன வழியில் நோயும் வந்திருக்க வேண்டும். 1918 யூனில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய இன்புளுவன்சா, அடுத்த ஆண்டுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாகக் குடித்தொகைக் கணக்கை ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்றைய மக்கள்தொகையில் பதினைந்து பேருக்கு ஒருவர். பெரியம்மையைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டிய சமூகம், இவ்வளவு பேரைக் கொன்ற காய்ச்சலுக்கு ஒரு நேர்த்திகூட வைக்கவில்லை. அது முகத்தில் தழும்பு விடவில்லை. வந்த வேகத்தில் போயும்விட்டது. தடிமன், இருமல், மேல்வலி என்று எல்லாரும் அறிந்த வருத்தத்தின் உருவில் வந்ததால் தனிப் பெயர் சொல்லி நினைக்கவும் வழியில்லாமல் போயிற்று. அந்த வைரசை இனங்கண்டது 1933இல், இலண்டனில். ஊசி வந்தது 1940களில். அதற்குள் இங்கே அந்த நோயின் நினைவே மங்கிவிட்டிருந்தது.

இலங்கைத் தாய்மாரின் மனம் ஊசியின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் தேடினால் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகைத்தான் காட்ட வேண்டும். வைத்தியசாலைக்கு வா என்று கூப்பிடாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை அங்கே வேர்விட்டது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று பதவிப் பெயர் இருந்தாலும் வாய்ப்பேச்சில் அவர் 'மிட்வைஃப் மிஸ்' தான். கர்ப்பவதி என்று பதிந்த நாளிலிருந்து அவர் அந்த வீட்டுக்குள் வந்து போகிறார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொப்புள் பார்க்கிறார், பால் சுரக்கிறதா என்று கேட்கிறார். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளுக்கு வரும் நாளை அவரே சொல்லிவிடுகிறார்.

கிளினிக்கில் நடப்பதையும் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் பிள்ளையின் நிறை. அது சுகாதார விருத்திப் பதிவேட்டின் வரைபில் ஒரு புள்ளியாக விழும். கோடு ஏறினால் தாயின் முகம் மலரும், சரிந்தால் கேள்விகள் வரும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இடது மேற்கையில் தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். ஆறு மாதமாகியும் தழும்பு இல்லையென்றால் மறுபடி போடவேண்டி வரும். பிறகு திரிபோஷா என்ற சத்துமா. ஊசி இந்த வரிசையில் ஒன்று மட்டுமே. பிள்ளைக்கு நல்லது நடக்கும் ஒரு காலைப்பொழுதின் நடுவே ஒரு குத்து, ஒரு அழுகை. அன்றிரவு காய்ச்சல் காய்ந்தால் என்ன கொடுப்பது என்று கேட்கவும் ஆள் இருக்கிறது. இலங்கையின் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978இல் தொடங்கியது, நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். இதற்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சைக்கிளில் வந்த இந்தப் பெண்கள்.

போர் இதை முறித்திருக்க வேண்டும். 1990இலிருந்து வடக்கின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இருக்கவில்லை. குளிரில் வைக்காவிட்டால் போலியோச் சொட்டு மருந்து வீணாகிவிடும். பாதைகள் அடைபட, கிளாலிக் கடலேரியில் இரவோடிரவாக வள்ளமேறிய சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தது. ஆனாலும் தொண்ணூறுகளின் பிற்பாதியில், தேசிய நோய்த்தடுப்பு நாள்களில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் சுடாமல் இருந்த 'அமைதி நாள்கள்' உண்டு. ஒருவரையொருவர் எதிலும் நம்பாதவர்கள் சிறுபிள்ளையின் வாயில் விழும் சொட்டுகளுக்காக ஒரு நாள் இணங்கினார்கள்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தபோது பளையும் இயக்கச்சியும் போர்முனை. முகமாலை பல ஆண்டு எல்லைக்கோடாகி, மண்ணெல்லாம் கண்ணிவெடி. ஊர் பெயர்ந்தது, திரும்பியது, மறுபடி பெயர்ந்தது. அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் பையில் கட்டிக்கொண்டு ஓடிய தாய்மார் உண்டு. அடுத்து எங்கே தங்கினாலும் விட்ட இடத்திலிருந்து ஊசியைத் தொடர அந்தக் கொப்பி வேண்டும்.

இந்த நம்பிக்கை உடையாதது என்று எண்ணிவிடக் கூடாது. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி அறிமுகமாகி, சில குழந்தைகள் இறந்ததையடுத்து ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, ஆய்வுக்குப் பின் 2010இல் மீண்டும் வந்தது. 2009 ஜனவரியில் மாத்தறையில் பாடசாலையில் ருபெல்லா ஊசி போட்ட மாணவி ஒருத்தி இறந்தது நாடு முழுவதும் பெற்றோரைக் கலக்கியது. வன்னிக்கு வேறொரு காயம் கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே நேர்ந்தது. 2013இல் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் பிள்ளைகளைக் கிளினிக்குக் கொண்டுவரச் சொல்லி அழைக்கப்பட்ட தாய்மாருக்குக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்றும், சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்றும் சமூக அமைப்பொன்று அறிக்கை வெளியிட்டது. கட்டாயப்படுத்தவில்லை என்று சுகாதாரத் தரப்பு மறுத்தது. சர்ச்சை எப்படி முடிந்திருந்தாலும், பிள்ளைக்காகப் போகும் வாசலில் தாய்க்கு வேறொன்று நடக்கலாம் என்ற பேச்சே போதும், ஓர் ஊரின் தாய்மார் அடுத்த கிளினிக் நாளில் இரண்டு தரம் யோசிப்பதற்கு.

இன்புளுவன்சா ஊசியின் நிலையை இந்தக் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது இலங்கையின் வழமையான பிள்ளைகள் அட்டவணையில் இல்லை. மிட்வைஃப் மிஸ் அதற்கு நாள் குறித்துத் தருவதில்லை. கிளினிக் கொப்பியில் அதற்கென்று கட்டமும் இல்லை. வேண்டுமானால் தனியார் வைத்தியசாலையில் காசு கொடுத்துப் போட வேண்டும், முதன்முறை போடும் சிறுபிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை. வைரசு ஆண்டுக்காண்டு உருமாறுவதால் அடுத்த ஆண்டும் போட வேண்டும். பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டிலும் நோய் வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறையும். கூலிக்குப் போகும் குடும்பம் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வேண்டாம் என்றால் அதை அறியாமை என்பது அநியாயம். ஆயினும் நோய் விளையாட்டில்லை. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் இன்புளுவன்சாவும் அடினோவைரசும் பரவியபோது இறந்தவர்களில் சிறு குழந்தைகள் இருந்தார்கள். வடக்கில் மாரி பிடிக்கும் மாதங்கள் இன்புளுவன்சா கூடும் காலமும்தான்.

பளையிலிருந்து புலம்பெயர்ந்து கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய குடும்பத்துக்கு நிலைமை வேறு. ஒன்ராறியோ 2000ஆம் ஆண்டிலேயே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இந்த ஊசியை இலவசமாக்கியது. பிரித்தானியாவில் 2013இலிருந்து பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தாகவே வருகிறது, பாடசாலையிலிருந்து சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும். அந்த மருந்தில் பன்றி ஜெலட்டின் இருப்பதால் மறுத்த முஸ்லிம் பெற்றோருக்கு அது இல்லாத ஊசியை மாற்றாக வைத்தார்கள். தயங்கியவரைத் திட்டாமல், தயக்கத்தைக் கேட்டு வழி செய்தது பாராட்டத்தக்கது. பெற்றோர் ஏன் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடுகிறார்கள் என்று பல நாடுகளில் கேட்டுப் பார்த்தவர்களுக்கு மீண்டும் மீண்டும் கிடைத்த பதிலும் எளிமையானது. தாங்கள் நம்பும் வைத்தியரோ தாதியோ 'போடுங்கள்' என்று முகம் பார்த்துச் சொன்னார், அதனால் போட்டோம் என்கிறார்கள்.

இலங்கையும் இதை ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது. எச்1என்1 இன்புளுவன்சா பரவிய பின் 2010இல் கிடைத்த தடுப்பூசியில் கர்ப்பவதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. கர்ப்பவதிகள் ஏற்கெனவே மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேட்டில் இருப்பவர்கள். பளையிலும் அந்தப் பதிவேடு இருக்கிறது, வீடு வீடாகப் போகும் ஆளும் இருக்கிறார். அவருடைய பெட்டியில் இந்த ஒரு மருந்தையும் வைத்து அனுப்புவதா என்பது கொழும்பில் சுகாதார அமைச்சு போட வேண்டிய செலவுக் கணக்கு.