தெருப்படுதாவுக்கு முன்னால்: பங்சாவான் பிறந்த கதை

1885-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. மொத்தம் எட்டு மைல்தான். சிலோனிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படை போட்ட தண்டவாளம் அது. தைப்பிங், கமுந்திங் பக்கத்து ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதற்காகவே வந்த ரயில். அதே ஆண்டில் பினாங்கில் ஒரு நாடகக் கம்பெனியும் பிறந்தது. மாமாக் பூஷி என்று மக்கள் கூப்பிட்ட முகமது பூஷி அதன் முதலாளி. ‘பூஷி இந்திரா பங்சாவான் ஆஃப் பினாங்’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் இருந்த பங்சாவான், பிறகு ஒரு கலைக்கே பெயராகிவிட்டது. பின்னாளில் மலாய் சினிமாவுக்கு முதல் நடிகைகளைக் கொடுத்த மேடை அதுதான்.

நாடகக் கம்பெனிகளுக்கு ஏன் இந்த ஈய வட்டாரம்? கமுந்திங்குக்குப் பழைய பெயர் கிளியான் பாரு. தைப்பிங்குக்கு கிளியான் பாவ். இரண்டும் ஈயச் சுரங்கக் குடியிருப்புகள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் இந்தச் சுரங்கங்களுக்காகப் பல ஆண்டுகள் வெட்டிக்கொண்டன. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆங்கிலேயர் உள்ளே நுழைந்த பிறகு சண்டை ஓய்ந்தது. ஊர்களின் பெயரும் மாறியது. சண்டை ஓய்ந்த ஊரில் மிஞ்சியவர்கள் சீனர், மலாய்க்காரர், தமிழர், பஞ்சாபியர் என்று பலதரப்பட்ட ஆட்கள். பெரும்பாலும் ஆண்கள். மாதச் சம்பளம் கையில் விழும். சாயங்காலம் போக இடமில்லை. அப்படிப்பட்ட ஊர்களை நம்பித்தான் நாடகக் கம்பெனிகள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பின.

கதையின் வேர் பம்பாயில் இருக்கிறது. 1850-களில் அங்கே பார்சி வணிகர்கள் காசு போட்டு நாடகக் கம்பெனிகளை ஆரம்பித்தார்கள். ஆங்கில நாடகக் கொட்டகையில் பார்த்த வண்ணப் படுதாக்கள், பக்கத் தட்டிகள், திடீரென்று தேவதை இறங்கும் தந்திர வேலைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பாரசீகக் காதல் கதையையும் இந்துஸ்தானிப் பாட்டையும் அதற்குள் வைத்தார்கள். லக்னோவில் ஆகா ஹசன் அமானத் எழுதிய ‘இந்திர சபா’ அவர்களுக்கு அட்சய பாத்திரமாக இருந்தது. இந்தக் கம்பெனிகள் கப்பலேறி ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போயின. 1870-களில் பினாங்குக்கு வந்தவற்றை உள்ளூர்க்காரர்கள் வாயாங் பார்சி என்றார்கள்.

பாஷை புரியாவிட்டாலும் மெட்டு மனசில் ஒட்டிக்கொண்டது. பினாங்கு இளைஞர்கள் அதே மெட்டுகளுக்கு மலாய்ச் சொற்களைப் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். பார்சிக் கம்பெனியின் உடைகளும் படுதாக்களும் உள்ளூர்க் கைக்கு மாறின. மாமாக் பூஷி இவற்றையெல்லாம் ஒரு கூரையின் கீழ் சேர்த்து, டிக்கெட் போட்டு, தொழிலாக நடத்தினார். அரசவையின் தயவும் கிராமச் சடங்கும் இல்லாமல், டிக்கெட் காசையே நம்பி நின்ற முதல் மலாய் மேடை இது.

ஓர் இரவு ஆட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எழுதிய வசனம் கிடையாது. ஆட்டத்துக்கு முன் கம்பெனி ஆசிரியர் நடிகர்களைக் கூட்டிவைத்துக் கதைச் சுருக்கத்தைச் சொல்வார்: இந்த ராஜா, இந்த மந்திரி, இந்த இடத்தில் பிரிவு, இந்த இடத்தில் பாட்டு. மீதியெல்லாம் நடிகர் பாடு. படுதாக்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும்: அரண்மனை, காடு, பூந்தோட்டம், தெரு, ஏழை வீடு. பாக்தாத் கதையானாலும், சீனத்துக் கதையானாலும், ‘ஹாம்லெட்’ ஆனாலும் அதே அரண்மனைதான், அதே காடுதான். தெருப்படுதாவை மேடையின் முன்புறமாக இறக்கிவிட்டால் அதற்குப் பின்னால் ஆட்கள் அரண்மனையைப் பிரித்துக் காட்டைக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் கொட்டகை சும்மா இருக்கக் கூடாது. கோமாளி வந்து கேலி பேசுவார்; இல்லையென்றால் பெண்கள் வந்து பாடி ஆடுவார்கள். இதற்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். ஆர்மோனியம், தபேலா, பிடில் ஆகியவற்றோடு, பிற்பாடு பியானோவும் டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டன. 1930-களில் டாங்கோவும் ரும்பாவும்கூட தெருப்படுதாவுக்கு முன்னால் வந்துவிட்டன.

தமிழ் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத விஷயம். அங்கே ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறூரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து இறங்குவார்கள். ஒத்திகை இல்லாமலே விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். தர்க்கத்தில் யார் மடக்குகிறார் என்பதுதான் ஜனங்களுக்கு வேடிக்கை. பங்சாவானில் ராஜபார்ட்டுக்கு ஓராங் மூடா என்று பெயர். ஸ்திரீபார்ட் ஸ்ரீ பங்கோங். பபூன் இரண்டிலும் உண்டு. கூடுதலாக அங்கே ஒரு ஜின் பூதம்.

இவர்களில் கொட்டகையை நிரப்பியவர் ஸ்ரீ பங்கோங். குரல் வேண்டும், அழகு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டென்று பேச வரவேண்டும். எதிரே நிற்கும் ஓராங் மூடா கதையில் இல்லாத ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் பாட்டாலேயே பதில் கொடுக்க வேண்டும். பெரிய வீட்டுப் பெண்கள் மேடை ஏற மாட்டார்கள். ஏறிய பெண்ணை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. ஆனாலும் நல்ல ஸ்ரீ பங்கோங் கிடைத்த கம்பெனி பிழைத்தது. அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் பழைய முதலாளி தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பங்சாவான் ஜாவாவுக்கும் போனது. அதன் பாதிப்பில் 1891-இல் சுராபாயாவில் கொமெடி ஸ்தம்பூல் தோன்றியது. அந்த வழியில் 1926-இல் வந்தது தர்தானெல்லா என்ற கம்பெனி. அதை ஆரம்பித்த வில்லி பியெத்ரோ ரஷ்ய வம்சாவளி, பிறந்தது பினாங்கில். சிறு குழுவோடு ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜாவாப் பெண்ணை அவர் கம்பெனியில் சேர்த்தார், மணமும் செய்துகொண்டார். தேவி ஜா என்ற பெயரில் அந்தப் பெண் கம்பெனியின் முன்னணி நட்சத்திரமானார். 1930-களின் நடுவில் குழு ஆசியப் பயணம் கிளம்பி, இந்தியா வந்து, ஐரோப்பா போய், 1939-இல் அமெரிக்காவில் இறங்கியது. உலகப் போர் மூண்டதும் பலர் திரும்ப முடியவில்லை. தேவி ஜா அங்கேயே தங்கிவிட்டார். 1942-இல் வெளிவந்த ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் அவர் ஆடினார். சிகாகோவில் ‘சரோங் ரூம்’ என்ற நடன விடுதி நடத்தினார். அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1989-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். பினாங்கு ஆரம்பித்துவைத்த மேடை, அமெரிக்கத் திரைக்கும் ஒரு நடிகையைத் தந்துவிட்டது.

இதே காலத்தில் பம்பாயில் பேசும் படம் வந்திருந்தது. 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’. எடுத்தவர் அர்தெஷிர் இரானி. கதை, ஜோசப் டேவிட் எழுதிய பார்சி நாடகம். அந்தப் படத்தின் செட்டிலேயே தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ எடுக்கப்பட்டு அக்டோபர் 31-இல் வெளியானது. நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி. பால்ய விவாகம் முறிந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மேடையில் தேறி வந்தவர். ஐந்தே ஆண்டில், 1936-இல், ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதி இயக்கி, தமிழில் படம் இயக்கிய முதல் பெண் என்று பெயர் பெற்றார்.

சிங்கப்பூரில் 1934-இல் வந்த ‘லைலா மஜ்னுன்’ முதல் மலாய்ப் பேசும் படம். பம்பாய்க் கம்பெனி ஒன்றின் பணம். இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கம், நடிகர்கள் பங்சாவான் மேடை ஆட்கள். கதையோ பார்சிக் கம்பெனிகள் கப்பலில் கொண்டுவந்த அதே கதை. போர் முடிந்ததும் 1946-இல் ராஜ்ஹன்ஸ் எடுத்த ‘செருவான் மெர்டேக்கா’வில் நடித்த சிபுட் சரவாக்கும் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்தான். பிறகு ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ இந்திய இயக்குநர்களால் நிரம்பியது. பினாங்குப் பையன் பி. ரம்லியை 1950-இல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர்.

நடிகர்களைப் படம் கூட்டிக்கொண்டு போனபின் பங்சாவானுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சமும் சேர்ந்து கம்பெனிகளைக் கலைத்தது. இன்று அரசு விழாக்களிலும் கலைக் கல்லூரிகளிலும் எப்போதாவது ஓர் ஆட்டம் நடக்கிறது, எழுதிய வசனத்தோடும் ஒத்திகையோடும்.

கமுந்திங் காப்பிக்கடையில் பழைய மலாய்ப் படம் ஓடினால், “நம்ம படத்தைப் பார்த்து எடுத்ததுதானே” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். தோட்டத்துச் செட்டில் நாயகி நின்று பாடுவதும், பபூன் தனிக்கதை ஓட்டுவதும், அழுகைக்கு நடுவே நடனம் வருவதும் அப்படித்தான் நினைக்கவைக்கும். இயக்குநர்கள் இந்தியர்கள் என்பதால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அதைவிடப் பழையது. ராஜலக்ஷ்மியும் சிபுட் சரவாக்கும் பார்சி நாடகம் என்ற ஒரே வாத்தியாரிடம் வெவ்வேறு வகுப்பில் படித்த பிள்ளைகள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.