காலனி என்னும் முகவரி

2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்ட ‘காலனி’ என்ற சொல், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். சென்னையில் ஏதோ ஒரு பேங்க் காலனியிலோ ஆபீசர்ஸ் காலனியிலோ பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இது புதிராக இருந்திருக்கும். கிராமத்தில் வளர்ந்தவர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஒரே சொல் நகரத்தில் மதிப்பையும் கிராமத்தில் இழிவையும் சுமந்த கதையை, அதன் வேரிலிருந்தே பார்க்க வேண்டும்.

லத்தீனில் ‘கோலெரே’ என்றால் உழுதல், பேணுதல், குடியிருத்தல். அதிலிருந்து பிறந்த ‘கொலோனுஸ்’ உழவனைக் குறித்தது; ‘கொலோனியா’ குடியேற்றத்தைக் குறித்தது. ரோமப் பேரரசு, பணி முடித்த படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் கொலோனியா எனப்பட்டன. ஜெர்மனியின் கொலோன், இங்கிலாந்தின் லிங்கன் ஆகிய நகரங்களின் பெயர்களில் அச்சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் ஐரோப்பியர் கடல் கடந்து பிடித்த நாடுகளுக்கெல்லாம் அதுவே பெயராயிற்று. நாமும் அப்படி ஒரு காலனியாக இருந்தோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தச் சொல் தமிழ் மண்ணில் இரண்டு வழியாக வேர்விட்டது. ஒன்று, வேலை வழி. பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் ரயில்வே தன் ஊழியர்களுக்குக் குடியிருப்புகள் கட்டியது. நேரான தெருக்கள், எண்ணிட்ட வீடுகள், குழாய்த் தண்ணீர் என்று ‘ரயில்வே காலனி’ ஓர் ஒழுங்கின் பெயரானது. பிறகு சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை பிரித்த பகுதி சி.ஐ.டி. காலனி ஆயிற்று. வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் கூட்டுறவுச் சங்கம் வைத்து மனை வாங்கிய இடங்களுக்கும் அதே பெயர். நகரத்துக் காலனிக்காரர் அந்தப் பெயரை விரும்பி வைத்துக்கொண்டார். நிலையான சம்பளமும் படித்த அண்டை வீட்டாரும் உண்டென்று அந்த முகவரியே சொன்னது.

இன்னொன்று, சாதி வழி. செங்கல்பட்டு, தஞ்சைப் பகுதிகளில் பண்ணையில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாரின் பிடியில்தான் இருந்தது. அவரோடு முரண்பட்டால் வேலையோடு குடிசையும் போகும். இதை மாற்ற 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நிலம் கையகப்படுத்தி மனைகளாகக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பின் ஹரிஜன நலத்துறை அந்தப் பணியைத் தொடர்ந்தது. இவ்வாறு உருவானவை ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி எனப்பட்டன. பேச்சில் முன்சொல் உதிர்ந்து ‘காலனி’ மட்டும் நின்றது. அரசு கட்டிக்கொடுத்த ஒட்டிய கான்கிரீட் வீடு ‘காலனி வீடு’. அதன் முன்சுவரில் திட்டத்தின் பெயரும் பயனாளியின் பெயரும் ஆண்டும் பெயின்டில் எழுதியிருக்கும். 

ரோமில் நிலம் பெற்றுக் குடியேறியவர்களின் ஊரைக் குறித்த சொல், இங்கே தலைமுறை தலைமுறையாக உழுதும் நிலம் இல்லாதவர்களின் குடியிருப்புக்குப் பெயராயிற்று. ‘நீங்க ஊரா, காலனியா?’ என்று டீக்கடையில் கேட்கப்படும் கேள்வியில் அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. காலனியும் அதே ஊராட்சியில், அதே வருவாய்க் கிராமத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ‘ஊர்’ என்ற சொல் அங்கே போய்ச் சேர்வதில்லை.

இது அந்த வேற்றுமொழிச் சொல்லின் குற்றம் அல்ல. நம் சொந்தச் சொல்லான ‘சேரி’க்கும் இதே கதிதான் நேர்ந்தது. சேர்ந்து வாழும் இடம் சேரி. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய இடம் புறஞ்சேரி. அறவோர் வாழ்ந்த பகுதி அது. உத்திரமேரூரில் பராந்தகன் காலக் கல்வெட்டு, பிராமணர் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதியில் பன்னிரண்டு சேரிகளைச் சொல்கிறது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி கோயில் பணிக்காக 400 தளிப்பெண்டிரைக் குடியமர்த்திய தெருக்கள் தளிச்சேரிகள். ஆனால் அதே கோயிலின் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரிவினைக் கோடு விழுந்துவிட்டது. மெல்ல மெல்லப் பிற சேரிகள் தெருவாகவும் அக்கிரகாரமாகவும் பெயர் மாற, கோட்டுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு மட்டும் சேரி மிஞ்சியது. புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் சேரி இன்று எவரையும் சுடுவதில்லை. அங்கே அது முழு ஊரின் பெயர்.

நகரமும் இந்த வழக்கத்திலிருந்து தப்பவில்லை. 2000 முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். காவிய நாயகியின் பெயர்கூடக் காப்பாற்றவில்லை. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அஞ்சி இளைஞர்கள் துரைப்பாக்கம் என்று மட்டும் சொல்லும் நிலை வந்தது. நகரின் நடுவிலிருந்தவர்களை விளிம்பில் கொண்டுபோய் வைத்த செயல்தான் பெயரைக் கறையாக்கியது.

அந்தக் கறையை அங்கே வாழ்பவர்களே துடைக்கிறார்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை, தமிழ்நாடு ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே அழைத்தது. மறைக்கப்பட்ட முகவரி பெயருக்கு முன்னால் பட்டமாக வந்து நின்றது.

காலனி என்ற சொல்லை நீக்குவது சரியான முடிவு. வசையாகிவிட்ட ஒரு சொல்லைச் சாதிச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரு குழந்தை சுமக்க வேண்டியதில்லை. ஆனால் சேரி போய்க் காலனி வந்ததுபோல, காலனி போய் வரும் ‘நகர்’ என்ற பெயரும் இருபது ஆண்டில் கறைபடலாம். தனிச் சுடுகாடும் தனிக் குடிநீர்த் தொட்டியும் ஊரோடு சேராத பாதையும் இருக்கும்வரை எந்தப் பெயரும் தாங்காது. புதிய பெயரை அங்கே வாழ்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். அதே நாளில் பட்டாவும் பொதுச் சுடுகாடும் ஊர்க்கோயில் வாசலும் அவர்களுக்கு உரிமையாகட்டும். அப்படிச் செய்தால், ‘நீங்க எந்த ஊரு?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே ஊரின் பெயரைச் சொல்ல முடியும்.