ஊர் திரும்பிய தேனீ

ஜெர்மனியில் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் பலருக்கு மாயா என்னும் தேனீ பிள்ளைப் பருவத் தோழி. அவள் பிறந்தது 1912-ஆம் ஆண்டில், வால்டெமார் போன்செல்ஸ் எழுதிய நூலில். கூட்டை விட்டுப் பறந்து உலகைக் கண்டு, பகைவரிடம் சிறைப்பட்டுத் தப்பி, அவர்தம் படையெடுப்பைத் தன் இனத்துக்கு முன்கூட்டியே அறிவித்த வீராங்கனை அவள். நூலின் முடிவில் போரின் ஓசை பலமாகவே கேட்கும்.

ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கூட்டுச் சேர, ஜப்பானியச் சித்திரக்காரர்கள் 1975-இல் அதனைத் தொலைக்காட்சித் தொடராக்கினர். போர் பின்னே ஒதுங்கிற்று. புல்வெளி விளையாட்டு முன்னே வந்தது. மூலத்தில் இல்லாத வில்லி என்னும் சோம்பேறித் தேனீ அவளுக்குத் தோழனாக வாய்த்தான். 1976-இல் தொடர் மேற்கு ஜெர்மனியை எட்டியதும், பாஸ்டை பதிப்பகத்தார் அதனைச் சித்திரக்கதை இதழ்களாக வெளியிட்டனர்.

அவ்விதழ்களை உயர்ந்த கலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், ஒளிப்பதிவுக் கருவி வீடுகளில் அரிதாயிருந்த காலம் அது. திரையில் கண்டது கண்ணோடு போயிற்று. இதழோ தலையணையின் கீழ்க் கிடந்தது. வில்லியின் சோம்பலை வேண்டிய மட்டும் கண்டு சிரிக்கலாம். அன்றைய சிறுவர்கள் இன்று பழைய இதழ்களைத் தேடி வாங்குவது இதனால்தான் போலும்.

அவர்கள் ஏங்குவது போன்செல்ஸின் வீராங்கனைக்காக அன்று. ஜப்பான் சென்று தோழனோடு திரும்பியவளுக்காகவே. மூலத்தைச் சொல் பிறழாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட என்போன்ற மொழிபெயர்ப்பாளனுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.