கூலியும் கொடையும்: கல்முனைக் கரையோரத்தில் உணவு விநியோகத் தொழில் – ஒரு வரலாற்று நோக்கு

1

உழைப்புக்கு வழங்கப்படும் ஊதியத்தின் வரலாறு, அவ்வுழைப்புக்கும் அவ்வூதியத்துக்கும் காலந்தோறும் சூட்டப்பட்டு வந்த பெயர்களின் வரலாறுமாகும். ஒரே உழைப்பு ஒரு காலத்திற் 'கடமை' எனவும், பிறிதொரு காலத்திற் 'பங்கு' எனவும், வேறொரு காலத்தில் 'வேலை' எனவும் அழைக்கப்பட்டபொழுது, உழைப்பவரின் உரிமைகளும் அப்பெயர்களுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வந்துள்ளன. இவ்வுண்மையை அண்மைக்காலத்தில் தெளிவாக உணர்த்தும் தொழில்களுள் ஒன்று, சமைத்த உணவை மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் தொழிலாகும்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பிரதான வீதியில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். உணவகங்கள் பிரதான வீதியில் இருக்க, குடிமனைகள் ஒழுங்கைகளின் உள்ளே அமைந்துள்ளன. தொலைபேசியிற் சொல்லப்படும் கொத்து ரொட்டியையும் புரியாணியையும் அவ்வொழுங்கைகளுக்குள் இரவில் எடுத்துச் செல்வோர் பெரும்பாலும் இளைஞர்களே. உணவைப் பெற்றுக்கொள்பவர் விலைக்கு மேலாக ஐம்பது ரூபாவோ நூறு ரூபாவோ கொடுத்து அனுப்புவதுண்டு. இதனைச் 'சந்தோசம்' என்பது இலங்கை வழக்கு. கொடுப்பவரின் மனநிலையைக் குறிக்கும் சொல்லே கொடுக்கப்படும் பணத்துக்கும் பெயராகிவிட்டது. அப்பணத்தைப் பெறுபவரின் வாழ்க்கையில் அது கொடையா, கூலியின் ஒரு பகுதியா என்னும் வினா, தோற்றத்துக்குச் சிறிதாயினும் வரலாற்று அடிப்படையில் விரிவானது.

2

இக்கரையோரத்தின் பொருளாதாரம் நெடுங்காலம் நெற்செய்கையை மையமாகக் கொண்டிருந்தது. காணியுடைய போடியார், அவர் சார்பில் வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரன், உழைக்கும் வயற்காரன் என்னும் படிநிலை தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவிற்று. கூலி பணமாக அன்றி நெல்லாகவே களத்தில் அளந்து கொடுக்கப்பட்டது. செய்கைக் காலத்தில் வயலில் வாடியடித்துத் தங்கியோருக்கு ஊரிலிருந்து சோறு கொண்டு செல்லப்பட்டது. உணவு காவுதல் என்பது இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. ஆனால் அன்று அது தனித் தொழிலாக இருக்கவில்லை.

சூடடித்து முடிந்த களத்தில் நெல் மூன்று வகையாகப் பிரிந்து சென்றமை இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. முதலாவது, உழைத்தவருக்கு அளக்கப்பட்ட கூலி. இரண்டாவது, முஸ்லிம் விவசாயிகள் வேறாக ஒதுக்கிய ஸகாத். மழைநீரால் விளைந்ததிற் பத்திலொன்று, செலவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்ததில் இருபதிலொன்று என்பது அதன் கணக்கு. மூன்றாவது, களத்துக்கு வந்தவருக்கு மனமுவந்து அள்ளிக் கொடுத்த நெல். இம்மூன்றும் ஒரே குவியலிலிருந்தே எடுக்கப்பட்டன. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கணக்கிடுவதற்கு இடமிருக்கவில்லை. கொடுக்க வேண்டிய கூலியை ஸகாத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது என்பது மார்க்க விதி. கூலி கடன்; கொடை விருப்பம். இவ்வேறுபாட்டைக் கல்முனைப் பிரதேச மக்கள் நூல் கற்றுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. களத்து மரைக்காலே அதனைக் கற்பித்தது.

அதே வயல்வெளியிற் பெயர் மாற்றத்தின் ஆபத்தையும் காணலாம். பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராயிருந்தபோது 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. குத்தகை விவசாயிக்கு நிலைத்த உரிமை வழங்கிய அச்சட்டம், காணிச் சொந்தக்காரருக்குரிய பங்கினையும் வரையறுத்தது. ஆனால் அவ்வுரிமை 'குத்தகை விவசாயி' என்னும் பெயருக்கு உட்பட்டவருக்கே உரியது. எனவே நாட்டின் பல பாகங்களிற் காணிச் சொந்தக்காரர் தம் குத்தகையாளரை வெளியேற்றினர். அல்லது அவரைக் கூலியாள் எனக் காட்டினர். நிலமும் உழைப்பும் மாறவில்லை. பெயர் மாறியது, உரிமை அகன்றது.

3

நகர்ப்புறத் தொழிலாளருக்கு உரிமை வழங்கிய சட்டங்களும் வரைவிலக்கணங்களின் மீதே எழுந்தவை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது காயமுற்றவருக்கு நட்டஈடு வழங்க வழிசெய்தது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க இடமளித்தது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலமாகவும் வாரத்துக்கு 45 மணித்தியாலமாகவும் வரையறுத்தது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் இன்று தொழில்தருநர் சம்பளத்தின் 12 சதவீதத்தையும் ஊழியர் 8 சதவீதத்தையும் செலுத்துகின்றனர். இவையனைத்துக்கும் பொதுவான முன்நிபந்தனை ஒன்றுண்டு: தொழில்தருநர் ஒருவரும் அவரிடம் வேலை செய்யும் ஊழியர் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. சேமலாப நிதி சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகின்றது. வாசலில் ஒருவர் கையில் வைக்கும் சந்தோசத்தின் மீதன்று. ஆகவே ஒருவரின் வருவாயிற் சந்தோசத்தின் பங்கு பெருகுந்தோறும், அவரது முதுமைக்குச் சேரும் பங்கு அவ்வளவுக்குச் சுருங்குகின்றது.

4

சந்தோசம் கூலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டமைக்கு உலக வரலாற்றில் தெளிவான சான்று அமெரிக்கப் புகையிரதங்களிற் காணப்படுகின்றது. 1867இல் நிறுவப்பட்ட புல்மன் கொம்பனி, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தனது படுக்கை வண்டிகளிற் பணியாளராகச் சேர்த்துக்கொண்டது. கொம்பனி வழங்கிய சம்பளம் சொற்பம். மிகுதியைப் பிரயாணிகளின் அன்பளிப்பிலிருந்து அவர்கள் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இதனால் அப்பணியாளர் கொம்பனியிடம் உரிமை கோர வேண்டியதற்குப் பதிலாகப் பிரயாணிகளிடம் புன்னகை புரிய வேண்டியவராயினர். 1925இல் ஏ. பிலிப் ரண்டொல்ஃபின் தலைமையில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 1937இற் கொம்பனியுடன் ஏற்பட்ட உடன்படிக்கை அவர்களது சம்பளத்தை உயர்த்தி வேலைநேரத்தைக் குறைத்தது.

ஆயினும் அந்நாட்டுச் சட்டம் எதிர்த்திசையிலும் சென்றது. அன்பளிப்புப் பெறும் ஊழியருக்குக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை வழங்கிவிட்டு, எஞ்சியதை அன்பளிப்பால் ஈடுசெய்ய 1966இல் இடமளிக்கப்பட்டது. சமஷ்டிச் சட்டத்தின்படி அவ்வடிப்படைச் சம்பளம் 1991ஆம் ஆண்டிலிருந்து மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதமாகவே இருந்துவருகின்றது. உணவு விநியோகச் செயலிகள் இதே தர்க்கத்தைப் பின்பற்றின. டோர்டாஷ் என்னும் நிறுவனம், ஒவ்வொரு விநியோகத்துக்கும் தான் உறுதியளித்த தொகையை நிரப்புவதற்கு வாடிக்கையாளர் கொடுத்த அன்பளிப்பையே பயன்படுத்தியமை 2019இற் பெரும் கண்டனத்துக்குள்ளாகி, அம்முறை கைவிடப்பட்டது. களத்து மொழியிற் கூறுவதாயின், அள்ளிக் கொடுத்த நெல்லை அளந்த கூலியாகக் கணக்கெழுதிய செயல் அது.

5

இலங்கையில் இத்தொழிலின் நவீன வடிவம் மிக அண்மையது. பிக்மீ நிறுவனம் 2015இல் வாடகை வாகனச் சேவையைத் தொடங்கிப் பின்னர் உணவு விநியோகத்திலும் ஈடுபட்டது. ஊபர் ஈட்ஸ் 2018இற் கொழும்பில் அறிமுகமாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, வீட்டுக்கு உணவு கொண்டு சேர்ப்பது வசதி என்ற நிலையிலிருந்து அத்தியாவசியம் என்ற நிலைக்கு உயர்ந்தது. ஆனால் அத்தியாவசியமான அவ்வேலையைச் செய்தவர் செயலியின் மொழியில் ஊழியர் அல்லர், 'பங்காளர்' ஆவார். பங்காளர் எனப்பட்டவருக்கு இலாபத்திற் பங்கில்லை. மோட்டார் சைக்கிள், பெற்றோல், டயர், தலைக்கவசம், தொலைபேசிக் கட்டணம் ஆகிய செலவுகளே அவரது பங்கு. உணவு ஆயத்தமாகும்வரை காத்திருக்கும் நேரமும், கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் தூரமும் உழைப்பாகத் தோன்றுவதில்லை.

இச்செலவுகளின் சுமை 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் 26இல் 470 ரூபாவாயிற்று. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளொன்று போகவர 10 கிலோமீற்றர் ஓடுவதற்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ 44 ரூபா போதுமாயிருந்தது. ஜூன் இறுதியில் 117 ரூபா வேண்டப்பட்டது. பின்னர் கியூ.ஆர். முறை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு முதலிற் கிடைத்தது 4 லீற்றர் மட்டுமே. அதாவது அத்தகைய பிரயாணம் பதினாறுக்கு மேல் இயலாது. வாடிக்கையாளரும் அதே விலையேற்றத்தால் நலிவுற்றிருந்தமையால், சந்தோசம் மிகத் தேவைப்பட்ட வேளையிலேயே அது குறைவதற்கும் காரணம் இருந்தது. சம்பளத்துக்கும் அன்பளிப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. முன்னையதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடலாம். பின்னையதை நம்பித் திட்டமிட முடியாது.

கரையோர ஊர்களில் உணவகத்துக்கு நேரடியாக உணவு காவுவோரின் நிலை சற்று வேறானது. இங்கு முதலாளி முகமற்ற செயலியன்று. அடுத்த ஒழுங்கைக்காரர், சில வேளைகளில் உறவினர். உணவு காவுபவரை முதலாளியும் வாடிக்கையாளரும் 'தம்பி' என்றே அழைப்பர். அவ்வழைப்பில் உண்மையான அன்பு இல்லை என்று கூறவியலாது. ஆயினும் தம்பிக்கு நியமனக் கடிதம் எழுதும் வழக்கமில்லை. தம்பியும் அண்ணனிடம் சேமலாப நிதி பற்றிக் கேட்கக் கூசுவான். சட்டத்தின் நோக்கிற் செயலிக்காரரிலும் இவருக்கே தொழில்தருநரைச் சுட்டிக்காட்டுதல் எளிது. உறவின் நெருக்கமோ அவ்வெளிய வழியை அடைத்துவிடுகின்றது. 'பங்காளர்' என்னும் சொல் நகரத்திற் செய்வதை, 'தம்பி' என்னும் சொல் ஊரிற் செய்கின்றது.

நோன்பு மாதத்தில் இத்தொழிலின் இயல்பு மிகத் தெளிவாகத் தென்படும். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னரே எல்லா வீட்டுக்கும் உணவு போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தில் அவசரமாக ஓடுபவரும் நோன்பாளியே. பிரதான வீதியின் நெரிசலில் அவர் வேகத்தைக் கூட்டினால் உயிராபத்து, குறைத்தால் ஏச்சு. பாங்கொலி கேட்கும்போது அவரது பேரீச்சம்பழம் வீதியோரத்திலேயே கடிக்கப்படும்.

6

இக்கரையோரத்தின் இளைஞர் பலர் இதே உழைப்பை வளைகுடா நாடுகளிலும் விற்கின்றனர். 1970களின் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர் தொடங்கிய அப்புலப்பெயர்வு, ஊர்களின் வீடுகளையும் கடைகளையும் உணவுப் பழக்கத்தையும் மாற்றியமைத்தது. வெளிநாட்டிற் சாரதியாக ஒருவர் அனுப்பிய பணத்தினால் ஊரிலுள்ள குடும்பம் வாங்கும் புரியாணியை, இன்னமும் வெளிநாடு செல்லாத மற்றொருவர் கொண்டுவந்து கொடுக்கிறார் என்பது இப்பொருளாதாரத்தின் சுருக்கமான சித்திரம். வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகக் கருதப்படும் துபாயில் 2022 மே மாதத் தொடக்கத்தில் டெலிவரூ நிறுவனத்தின் விநியோகத் தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். விநியோகமொன்றுக்கான 10.25 திர்ஹத்தை 8.75 ஆகக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சியே காரணம். நிறுவனம் பின்வாங்கியது. அவர்கள் கோரியது வாடிக்கையாளரின் இரக்கத்தையன்று, தங்கள் வீதத்தையே என்பது கருதற்பாலது.

7

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 1890 முதல் பம்பாய் நகரில் மதிய உணவு காவி வரும் டப்பாவாலாக்கள் தமக்கு மேல் முதலாளி எவருமின்றிக் குழுக்களாகத் தொழில் நடத்தி, வருவாயைத் தம்முட் பகிர்ந்துகொள்கின்றனர். தீபாவளிக்கு வாடிக்கையாளர் கொடுப்பது அவர்களுக்கு மேலதிக வருவாய்; பிழைப்பன்று. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகள் சுயதொழில் செய்வோரல்லர், தொழிலாளரே எனத் தீர்ப்பளித்தது. இராஜஸ்தான் மாநிலம் 2023இற் செயலித் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூரிற் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் வேலைக்காய நட்டஈட்டையும் ஓய்வுகாலச் சேமிப்பையும் அவர்களுக்கு விரிவாக்கியது. நியூயோர்க் நகரம் 2023இல் அன்பளிப்புக்குப் புறம்பாக மணித்தியாலத்துக்கு 17 டொலர் 96 சதத்தைக் குறைந்தபட்ச ஊதியமாக்கியது. உடனடியாகச் சில நிறுவனங்கள் அன்பளிப்புக் கேட்கும் இடத்தை விநியோகத்தின் பின்னுக்குத் தள்ளின, அன்பளிப்புக் குறைந்தது. கொடை எவ்வளவு காலம் கூலியின் வேலையைச் செய்துவந்தது என்பதை இச்செயல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று.

இவற்றிலிருந்து சந்தோசம் கொடுத்தல் தவறு என்னும் முடிவு பெறப்படுவதில்லை. மழையிரவில் ஒழுங்கை தேடி வந்தவரின் கையில் ஒரு தாளை வைப்பது மனிதப் பண்பு. கூலி சரிவர அமையும்வரை அது தேவையுங்கூட. ஆனால் அத்தாளைக் கொடுத்ததோடு தன் பொறுப்புத் தீர்ந்ததாக வாடிக்கையாளரும், தன் பொறுப்பை வாடிக்கையாளர் தீர்த்துவிட்டதாக முதலாளியும் கருதுமிடத்து, கொடை அநீதிக்குத் துணைபோகின்றது. உணவு காவுபவருக்கு உரியவை அவர் பெயரில் எழுதப்பட்ட வேலை, ஓடிய தூரத்துக்கும் காத்த நேரத்துக்குமான ஊதியம், விழுந்தால் நட்டஈடு, முதுமைக்குச் சேமிப்பு ஆகியனவாம். அவை அளந்து கொடுக்கப்பட்ட பின்னர் அள்ளிக் கொடுப்பதே சந்தோசம் என்னும் பெயருக்குத் தகும். கல்முனை வயல்வெளியின் களங்களிற் கூலிக்கு ஒரு மரைக்காலும் கொடைக்கு ஒரு கையும் வேறாக இருந்தன. அவ்வேறுபாட்டை வீட்டு வாசலுக்கும் கொண்டு வருதலே இன்றைய தேவையாகும்.