பிடி அரிசியில் பிறந்த பகல் இல்லம்

நம் ஆலயம் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையர் ஆற்றிய பணிகளும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் விரிவாக வந்துள்ளன. கோவிலுக்குத் தெற்கே, பழைய மறைக்கல்விக் கூடத்தில் நடந்து வரும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பகல் இல்லத்திற்குப் பணம் வந்த வழியையும் எழுதி வைத்தல் நம் கடமையாகும்.

2019ஆம் ஆண்டு தவக்காலத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் திண்ணைத் தூணோடு பழைய சேலையால் கட்டப்பட்டிருக்கக் கண்டோம். சினம் கொண்டோம். மாலையில் கூலி வேலை முடிந்து வந்த தாய், "கட்டாமல் போனால் ரோட்டுக்கு ஓடிவிடுவான் சாமி, போகாமல் இருந்தால் உலை ஏறாது" என்றாள். தலைகுனிந்து திரும்பினோம். பங்குப் பதிவேட்டைப் புரட்டி, வீடு வீடாக விசாரித்ததில், இத்தகைய குழந்தைகள் எழுவர் இருந்தனர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. புதுநன்மைப் பதிவேட்டில் ஒருவர் பெயரும் இல்லை.

அன்றே ஒரு பகல் இல்லம் வேண்டும் எனத் துணிந்தோம். பணத்திற்கு எங்கே போவது? நம் முன்னோடிக் குருக்கள் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கொலோன் நகரக் கர்தினால் பிரிங்ஸ் அவர்களின் முயற்சியால் 1958இல் ஜெர்மானிய ஆயர்கள் 'மிசரெயோர்' என்னும் தவக்கால நிதியைத் தொடங்கினர். பசித்த கூட்டத்தின்மேல் நம் ஆண்டவர் கொண்ட பரிவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயர். இத்தகைய நிதிகளால் நம் நாட்டில் எழும்பிய மருத்துவமனைகளும் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் பல. நாமும் அவ்வழியே சென்றோம். வெளிநாட்டு நிதி பெற உரிமம் பெற்ற ஒரு துறவற சபையார், தமக்கு வருவதில் ஒரு பகுதியை நமக்குத் தர இசைந்தனர்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சங்கம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு சங்கத்திற்கு மாற்றித் தருவதை அது தடை செய்தது. சபையார் வருத்தத்தோடு கைவிரித்தனர். நாமே பதிவு பெறலாம் என்றால், மூன்று ஆண்டுகள் இயங்கி, 15 இலட்சம் ரூபாயேனும் செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்து நம் நாட்டு நிறுவனங்களை நாடினோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கும் மூன்று ஆண்டு அனுபவம் கேட்டனர். ஒரு நிறுவனத்தார் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துச் சென்றனர். பின்னர் கடிதத்திற்கும் பதில் இல்லை. அரசின் உதவித் திட்டங்களோ பதிவு, ஆய்வு, தணிக்கை ஆகிய படிகளைத் தாண்டிய பின்னரே பணம் தருவன. ஆக, நடப்பதற்கு உதவ ஆள் உண்டு. நடக்கத் தொடங்கும் வரை தாங்குவதற்கு ஆள் இல்லை என்பதைக் கண்டுகொண்டோம்.

அப்போது நம் நினைவுக்கு வந்தது தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல், தமக்கு ஊக்கமூட்டிய இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் அமர் சேவா சங்கத்தைச் சில குழந்தைகளோடு தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுந்து நிற்க இயலாத ஒருவர் தொடங்கியிருக்க, இத்தனை குடும்பங்கள் உள்ள பங்கு தயங்கலாமோ என்று ஞாயிறு மறையுரையில் கேட்டோம்.

மறு வாரமே தாய்மார் பிடி அரிசி எடுக்கத் தொடங்கினர். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியே போட்டு வைத்து, ஞாயிறன்று பீடத்தின் அடியில் கொண்டுவந்து வைத்தனர். வின்சென்ட் தே பவுல் சபையினர் அதை விற்றுக் கணக்கெழுதினர். இளைஞர்கள் படிக்கட்டை இடித்துச் சாய்தளம் அமைத்தனர். திருமண வீட்டாரும் பிறந்தநாள் கொண்டாடியோரும் ஒரு நாள் உணவை ஏற்றனர். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதிவாயிற்று. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியை ஒருவர் குறைந்த ஊதியத்திற்கு இசைந்து வந்தார். 2021 நவம்பரில் ஏழு குழந்தைகளோடு இல்லம் திறக்கப்பட்டது. தூணில் கட்டப்பட்டிருந்த சிறுவனை அவன் தாயே கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. பணம் இல்லாத மாதங்களும் உண்டு. இல்லம் பூட்டிய நாள் இல்லை. 2024 இறுதியில் தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கோடு மீண்டும் விண்ணப்பித்தோம். இம்முறை ஒரு நிறுவனத்தார் வேன் வாங்கித் தந்தனர். கணக்கு நோட்டில் வாரந்தோறும் அரிசிப் படி எழுதியிருந்ததைக் கண்டு, அவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை.

ஆயினும் பங்கு மக்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். வேனும் கட்டடமும் தருவோர் பலர். அவற்றில் பெயர் எழுதலாம். ஆசிரியையின் மாதச் சம்பளத்தில் பெயர் எழுத இடமில்லை. அதைத் தருவோரும் அரியர். அச்சுமை இன்றும் பிடி அரிசியின் மேலேயே நிற்கிறது. இப்போது குழந்தைகள் பதினொருவர். சென்ற பாஸ்காவில் அவர்களுள் மூவர் புதுநன்மை வாங்கினர். பதிவேட்டில் அவர்கள் பெயரை நம் கையாலேயே எழுதினோம்.

இப்பொன்விழா ஆண்டில் நம் வீட்டு அரிசிப் பானைகளில் அந்த ஒரு பிடி குறையாதிருப்பதாக. இறைவன் உங்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!