வீடுதோறும் செபம்: ஒரு வரலாற்று நினைவு

நம் பங்கு பொன்விழாக் காணும் இந்த நல்ல நாளில், கோயில் எழுந்த வரலாறும், மணிக்கூண்டு உயர்ந்த வரலாறும், இங்கு உழைத்த குருக்களின் வரலாறும் இம்மலரில் இடம் பெறுகின்றன. இவற்றுக்கெல்லாம் முந்திய வரலாறு ஒன்று உண்டு. அதுதான் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் செபம் வேர்விட்ட வரலாறு. அதனை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை என எண்ணுகிறோம்.

இடைவிடாமல் செபிக்கும்படி புனித பவுல் அடிகளார் தெசலோனிக்க மக்களுக்கு எழுதினார். துறவற மடங்களில் வேளைக்கு வேளை செபம் உண்டு. ஆனால் விடியுமுன் கடலுக்குப் போகிறவரும், நாளெல்லாம் வயலில் குனிந்து நிற்கிறவரும், அடுப்படியை விட்டு நகர முடியாத தாய்மாரும் இதை எங்ஙனம் கைக்கொள்வது? நம் முன்னோர் இக்கேள்விக்கு வாழ்ந்து விடை தந்தார்கள்.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அக்கரையில் வாழ்ந்த பரவ குல மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆயினும் அவர்கள் மொழியில் செபம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. எனவே தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் முதலியவற்றை மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கினார். அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியோசை கேட்டு ஓடி வந்த சிறுவரையும் பெரியவரையும் நாளுக்கு இருமுறை கூட்டிவைத்துச் செபம் கற்பித்தார்.

சிறுவர்கள் தாங்கள் கற்றதை அன்றன்றே பெற்றோருக்கும், வீட்டாருக்கும், அயலாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. நோயாளிகள் இருந்த எல்லா வீடுகளுக்கும் அவரால் போக இயலவில்லை. அங்கும் சிறுவர்களையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் நோயாளியின் படுக்கையைச் சுற்றி நிறுத்தி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வைத்தார்கள். ஓர் ஊரை விட்டு மறு ஊர் செல்கையில், செபங்களின் எழுத்துப் படியை அங்கே விட்டு, அவற்றை நாள்தோறும் சொல்ல ஏற்பாடு செய்தார். இப்பணிக்கென அமர்த்தப்பட்டவர்கள்தாம் கணக்கப்பிள்ளைகள். நாம் உபதேசியார் என மரியாதையோடு அழைக்கும் பெரியவர்கள் அவர்கள் வழி வந்தவர்களே.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது! சவேரியார் இதனை உணர்ந்து, தம்மோடு உழைத்த மன்சிலாசுக்கு 1544-இல் எழுதிய கடிதத்தில், ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்கும்படி அறிவுறுத்தினார். சிறிய திருத்தந்தான். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சேசுசபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். அவர் தமிழில் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூல், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. அது எளிய மக்கள் நாள்தோறும் சொல்வதற்கான செபங்களும் மறைக்கல்வியும் அடங்கிய நூல் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இப்படி ஊன்றிய செபம் எவ்வளவு ஆழமாக வேர்கொண்டது என்பதைச் சோதனைக் காலம் காட்டியது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். இலங்கையில் கத்தோலிக்கக் குருக்கள் தடை செய்யப்பட்டனர். கோயில்கள் பறிபோயின. 29 ஆண்டுகள் கழிந்து, 1687-இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து மாறுவேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். கத்தோலிக்கர் யார், எங்கே என்று வெளிப்படையாய்க் கேட்க வழியில்லை. ஆகவே கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையை அடையாளம் கண்டுகொண்டவர்களைக் கொண்டே தம் மந்தையைக் கண்டுபிடித்தார். சில்லாலை ஊரார் அவருக்குப் புகலிடம் தந்தார்கள். குருவும் பலிபூசையும் இல்லாத அந்நெடுங்காலத்தில் விசுவாசத்தைக் காத்தது, கதவடைத்த வீட்டுக்குள் தாயும் தந்தையும் தாழ்ந்த குரலில் சொன்ன செபமே அன்றோ! யோசேப் வாஸ் அடிகளார் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் கோயில் மணி காலை, நண்பகல், மாலை என ஒலிக்கும் திரிகாலச் செபத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாலை மணியோடு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் வழக்கம் பரவியது. காலை மணியும் நண்பகல் மணியும் பின்னர் சேர்ந்தன. வேலையை விட்டுக் கோயிலுக்கு வர முடியாதவர், நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் இறைவனை நினைக்கட்டும் என்பதே அதன் உட்கருத்து. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் திரிகாலச் செபத்தையும் குடும்பச் செபமாலையையும் கைவிடாது காக்கும்படி கேட்டுக்கொண்டார்.

இனி நம் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மாலை மணி அடித்ததும் விளக்கேற்றி, பாயை விரித்து, பாட்டி முன்னே சொல்ல நாம் பின்னே சொன்ன நாட்களை மறக்க முடியுமா? இன்றோ அந்நேரத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டன. பிறரைக் குறை சொல்லவில்லை. இதை எழுதும் எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். தேர்வு வந்தால் செபிக்கிறோம். நோய் வந்தால் நவநாள் செய்கிறோம். வேலை வேண்டுமென்றால் நேர்ச்சை வைக்கிறோம். தேவை தீர்ந்ததும் செபமும் ஓய்ந்துவிடுகிறது. சவேரியார் திருத்திய பழைய பிழை நம் வாழ்வில் மறுபடியும் புகுந்துவிட்டதோ? ‘விசுவாசிக்கிறேன்’ என்ற இடத்தில் ‘வேணும்’ வந்து உட்கார்ந்துகொண்டதோ?

கேட்பது தவறன்று, ஆண்டவரே கேட்கச் சொன்னார். ஆனால் ஒன்றும் வேண்டாத நாளிலும் அவர்முன் வந்து நிற்பதே அன்றாடச் செபம். அதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. மணி அடிக்கையில் கையிலுள்ள வேலையை ஒரு நிமிடம் நிறுத்துவோம். உண்ணுமுன் சிலுவை அடையாளம் வரைவோம். இரவில் பத்து மணிகளாவது குடும்பமாய்ச் சொல்வோம். செபத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பைச் சிறுவர்களிடமே கொடுப்போம். சவேரியார் காட்டிய வழி அதுவே.

நம் கோயில் நூற்றாண்டும் காணட்டும் என வேண்டுவோம். அதன் மணியோசைக்கு வீடுதோறும் பதில் ஒலித்தால், அதுவே நாம் கொண்டாடும் மெய்யான பொன்விழா. இறைவனுக்கே புகழ்!